தொப்புள்கொடி காயும் வரை

பிறந்து ஏழெட்டு நாளான பன்றிக்குட்டி ஒன்று பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டுகிறது என்றால், அந்த நோய் அன்றைக்கு வந்ததல்ல. அது பிறந்த இரவிலேயே உள்ளே போய்விட்டது. தொப்புள் வழியாகப் போயிருக்கலாம், தேய்ந்த முட்டி வழியாகப் போயிருக்கலாம், ஒடிந்த பல் வழியாகவும் போயிருக்கலாம். நாம் பார்ப்பது ஒரு வாரம் பிந்திய செய்தி. இதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் என் அம்மா. அவர் பன்றி மருத்துவம் படித்தவர் அல்ல. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மிட்வைஃப் அம்மாவுக்குக் கைவேலைக்கு நின்ற ஆயா.

எங்கள் வீடு நடுவட்டத்துப் பக்கம். ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். ஒரு காலத்தில் சிங்கோனா மரங்களுக்கும் கொய்னா தொழிற்சாலைக்கும் பெயர் பெற்றது. அப்பாவும் அம்மாவும் இலங்கையின் பதுளைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்தானது. அந்த எண்ணிக்கைக்குள் எங்கள் குடும்பமும் ஒரு சிறு கணக்கு. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, மலைக்கு வந்து சேர்ந்தார்கள். மலையில் எங்களைச் சிலோன்காரர் என்றார்கள். அம்மாவுக்குக் கொழுந்து எடுக்கும் வேலையும், ஆள் தேவைப்படும்போது ஆஸ்பத்திரி வேலையும் கிடைத்தன. அப்பாவுக்குக் கவாத்து, உரம், மருந்தடிப்பு. சம்பளம் அரிசிக்குச் சரியாகப் போனது. பன்றி வளர்க்கும் யோசனை அங்கேதான் பிறந்தது.

தோட்டத்து எல்லைக்கு வெளியே, ஓடைக்கு மேலே, தெரிந்தவர் ஒருவருடைய காணியில் அப்பா ஒரு கொட்டகை போட்டார். வெள்ளை யார்க்‌ஷயர் இனத்துத் தாய்ப்பன்றிகள். காய்கறித் தோட்டங்களில் கழித்துப்போட்ட முட்டைக்கோஸ் இலை, ஒடிந்த கேரட், கூடலூர்ச் சந்தையில் வாங்கிய மரவள்ளி, தவிடு, கொஞ்சம் புண்ணாக்கு என்று தீவனம் ஓடியது. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் முன்னால் நாடுகாணி வழியாகக் கேரளத்து வியாபாரிகள் ஜீப்பில் வருவார்கள். வருடத்தில் அந்த இரண்டு வாரங்கள்தான் எங்கள் வீட்டில் கையில் காசு புழங்கும். பள்ளிச் சீருடையும் புத்தகமும் அந்தக் காசில் வந்தவை. ஆகவே ஒரு குட்டி நொண்டினால் வீட்டில் எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொள்வோம்.

முதல் ஈற்றுகளில் நிறையவே நொண்டின. பிறந்து இரண்டாம் வாரத்தில் ஒரு குட்டி கூட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்கும். மயிர் சிலிர்த்திருக்கும். மற்றவை பால் குடிக்க ஓடும்போது இது மெல்ல எழுந்து, கால் ஊன்றாமல் தடுமாறும். தொட்டுப் பார்த்தால் பின்னங்கால் கணுவோ முன்னங்கால் முட்டியோ சூடாகப் புடைத்திருக்கும். வலியில் கத்தும். மடிக்குப் போய்ச் சேர்வதற்குள் பால் இறங்கி முடிந்திருக்கும். பன்றிக்கு மாடு மாதிரி எப்போதும் பால் சுரக்காது. ஏறக்குறைய மணிக்கு ஒரு முறை, அதுவும் சில நொடிகள்தான் இறங்கும். அந்தச் சில நொடிகளைத் தவறவிட்ட குட்டி பட்டினி. பட்டினியில் இன்னும் மெலிந்து, தாய் படுக்கும்போது விலக முடியாமல் நசுங்கும். பதிவேட்டில் ‘நசுங்கிச் சாவு’ என்று எழுதிவிடலாம். உண்மையில் அது மூட்டில் தொடங்கிய சாவு.

கூடலூரிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் ஒருமுறை இறந்த குட்டியின் மூட்டை எங்கள் முன்னாலேயே அறுத்துக் காட்டினார். உள்ளே தெளிந்த வழவழப்பு நீர் இருக்க வேண்டிய இடத்தில், திரிந்த பால்போல மஞ்சள் கட்டிகள் கிடந்தன. “பெரியவரே, வீக்கம் கண்ணுக்குத் தெரிஞ்ச அன்னிக்கே பென்சிலின் போட்டா பொழைக்கும். இப்படி உறைஞ்சு கெட்டியான பிறகு மருந்து உள்ளே போய்ச் சேராது. அதனால வராம பாருங்க,” என்றார். ஏன் மூட்டுக்கே போகிறது என்று அம்மா கேட்டார். மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டால் உடம்பு முழுக்கச் சுற்றும். மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் சவ்வில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நிறைய. கிருமி வெளியேறி மூட்டுக்குள் நுழைவதைத் தடுக்கும் அடிப்படைப் படலம் அந்தச் சவ்வுக்கு இல்லை. அங்கே தங்கிவிட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் மூட்டு நீரிலேயே பெருகும். மூளையுறைக்குப் போனால் வலிப்பு, இதய வால்வில் ஒட்டினால் திடீர்ச் சாவு. மூட்டு என்பது பலவற்றில் ஒரு தங்குமிடம்.

அன்று இரவு அம்மா அப்பாவிடம் சொன்னார்: “தொப்புள்தான். எங்க ஆஸ்பத்திரியில புள்ளைக்குப் பாக்கிற மாதிரி குட்டிக்கும் பாத்துருவோம்.”

அதற்குப் பிறகு எங்கள் கொட்டகையில் ஈற்று என்பது ஒரு பிரசவமாகவே நடந்தது. பன்றியின் சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று அப்பா சுவரில் கரியால் கோடு போட்டு வைப்பார். நாள் நெருங்கியதும் ஈற்றறையைக் காலி செய்து, சாணத்தைச் சுரண்டி, சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துக் கழுவுவோம். தண்ணீர் காய்ச்சக் கவாத்துக் குச்சிதான் விறகு. அதன்பின் சுண்ணாம்பு அடித்துக் காயப்போடுவோம். காயப்போடுவதுதான் நடுவட்டத்தில் பெரிய சோதனை. ஆனி, ஆடி, ஆவணியில் கீழேயிருந்து மேகம் ஏறி வந்து கொட்டகைக்குள்ளேயே நிற்கும். துணி காயாத ஊரில் தரை எப்படிக் காயும்? ஆனால் ஈரத் தரையில் கிருமி சாகாது என்பதில் அம்மா விட்டுக்கொடுக்க மாட்டார். கரிச்சட்டி வைத்து, கதவைத் திறந்து போட்டு, ஒரு நாள் தாமதமானாலும் சரி என்று காயவைப்பார்.

தாய்ப்பன்றியையும் குளிப்பாட்டுவோம். வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு. மடிக்காம்பு ஒவ்வொன்றும், பின்புறமும். அதற்குப் பிறகு அம்மா தன் கையைக் கழுவுவார். கொழுந்து எடுக்கிற கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: விரல் நுனியெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் கறை. முழங்கை வரை தேய்த்து, நகத்தடியைக் குச்சியால் எடுத்து, வெடிப்பு பெரிதாக இருந்தால் ஆஸ்பத்திரிக் கையுறை போட்டுக்கொள்வார். குட்டியைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே அவர் அதைச் செய்தார். அது அவரையும் காப்பாற்றியது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. பன்றியின் தொண்டையிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்கிற கிருமி, கையில் உள்ள காயம் வழியாக மனிதருக்கும் வரும். மூளையுறை அழற்சி வரும். பிழைத்தாலும் பலருக்குக் காது போய்விடும். மனிதரிடம் அது முதலில் பதிவானது 1968-இல், டென்மார்க்கில். 2005-இல் சீனத்தின் சிச்சுவான் மாகாணத்தில் நோயுற்ற பன்றிகளை அறுத்துக் கையாண்ட இருநூறுக்கு மேற்பட்டவர்களைத் தாக்கி 38 பேரைக் கொன்றது. வெடித்த கையோடு கொட்டகைக்குள் போகிற நம் தோட்டத்துப் பெண்களுக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா?

குட்டி விழுந்ததும் அம்மா கொடியை இழுக்கமாட்டார், இழுக்கவும் விடமாட்டார். இழுத்தால் தொப்புள் பிய்ந்து குடலிறக்கம் வரும். கொடியில் துடிப்பு நிற்கும் வரை பொறுத்து, வயிற்றிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கொதிக்கவைத்த நூலால் கட்டி, கொதிக்கவைத்த கத்தரியால் வெட்டுவார். பிறகு டிங்சர் அயோடின். பஞ்சில் தொட்டுப் பூசுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. சிறு மருந்து மூடியில் ஊற்றி, குட்டியைத் தூக்கிப் பிடித்து, கொடியின் முனை முழுக்க அடிவரை முங்கும்படி மூடியை வயிற்றோடு அழுத்துவார். மூடியில் மிச்சமானதை மறுபடி சீசாவில் ஊற்றக்கூடாது. அழுக்கேறிய மருந்து மருந்தாகாது. விடிந்ததும் இன்னொரு முறை முக்குவார். கொடி சுருங்கிக் காய்ந்துவிட்டால் வழி அடைபட்டுவிடும். அதுவரை அது திறந்த குழாய். அதிலுள்ள ரத்தநாளம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்டவர் ஈற்றறைத் தரையில் சாணம் கிடக்கச் சம்மதிக்கமாட்டார்.

நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பின்னால் கிராம சுகாதாரச் செவிலியர் பயிற்சிக்குப் போனபோது, ‘ஐந்து சுத்தம்’ என்று கரும்பலகையில் எழுதினார்கள்: கை, இடம், பிளேடு, கட்டும் நூல், தொப்புள். வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தபோது நான் எங்கள் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்புளில் சாணமும் சாம்பலும் வைத்த காலத்தில் எத்தனை குழந்தைகள் ரணஜன்னியில் வளைந்து செத்தன என்று மூத்த செவிலியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2015-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் தாய்சேய் ரணஜன்னி ஒழிந்ததாக உறுதிசெய்தபோது, தடுப்பூசியோடு இந்த ஐந்து சுத்தங்களும் அதற்குக் காரணம் என்று நாங்கள் பெருமைப்பட்டோம். கைவேலைக்கு நின்ற ஆயாக்களின் பெயர் எந்தச் சான்றிதழிலும் இல்லை. அவர்களுக்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஆனால் தொப்புளை மட்டும் பார்த்தால் போதாது என்பதைக் கொட்டகைதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. தொப்புள் சுத்தமாக ஆறிய குட்டிகளிலும் சில நொண்டின. அந்த வருடம் கொத்தனார் புதிதாக சிமென்ட் தரை போட்டிருந்தார். தாய்ப்பன்றி வழுக்கிவிடக்கூடாது என்று சொரசொரப்பாகவே விட்டிருந்தார். பன்றிக்குட்டி பால் குடிக்கும்போது முன்னங்கால்களை மடக்கி முட்டி போட்டு, மடியை முட்டி முட்டித் தள்ளும். புதிய சிமென்ட் அந்த மென்தோலை அரம்போல் உரித்துவிடும். பிறந்த முதல் நாளிலேயே முட்டியில் தோல் போய், மூன்றாம் நாளில் புண்ணாகியிருந்தது. மருத்துவர் பார்த்ததுமே, “சுண்ணாம்பைக் கெட்டியாக் கரைச்சு, தரை வழவழப்பாகிற வரைக்கும் பூச்சு மேல பூச்சா அடிங்க. மேலே காய்ஞ்ச புல்லு போடுங்க,” என்றார். கீழே மர ஆலையிலிருந்து சில்வர் ஓக் இழைப்புச் சுருள் வாங்கிவந்தோம். புல் நனைந்தால் உடனே அள்ளி மாற்ற வேண்டும். சாக்கு விரித்தும் பார்த்தோம். சாக்கு மூத்திரத்தில் ஊறிக் கிருமிக்கு மெத்தையாகிவிடுகிறது. எனவே சாக்கை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பல்லும் அப்படித்தான். குட்டி எட்டு ஊசிப்பற்களோடு பிறக்கிறது. காம்புக்காகச் சண்டையிட்டு ஒன்றையொன்று கன்னத்தில் கீறும். அந்தக் கீறலும் ஒரு வாசல். அதற்காகப் பல்லை வெட்டுவார்கள். மொட்டைக் கத்தரியால் வெட்டினால் பல் நொறுங்கி ஈறு கிழியும், பல்லின் உள்கூழ் திறந்துகொள்ளும். ஒரு வாசலை அடைக்கப்போய் எட்டு வாசல் திறந்த கதை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு விதிப்படி வழக்கமாக எல்லாக் குட்டிக்கும் பல் குறைப்பது கூடாது. அப்பா விதி தெரியாமலே, கன்னக் காயமும் மடிக்காயமும் மிஞ்சிய ஈற்றில் மட்டும் நுனியை அரத்தால் தேய்ப்பார். இரும்புச் சத்து ஊசி மட்டும் தவறாது, மூன்றாம் நாள். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு, ஊசி இல்லாவிட்டால் குட்டி வெளுத்துப்போகும். அந்த ஊசியையும் ஒவ்வொரு ஈற்றுக்கும் கொதிக்கவைப்பார் அம்மா. தொடையில் சீழ் கட்டினால் அதுவும் ரத்தத்துக்கு ஒரு வழிதானே.

இத்தனை வாசல்களையும் அடைத்தாலும், கிருமி வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது. தாயின் தொண்டையிலேயே இருப்பதை எந்த சோப்பு கழுவும்? அது பிறக்கும்போதே குட்டிக்கு ஒட்டிக்கொள்ளும். அங்கே காப்பது சீம்பால். இதில் மனிதக் குழந்தைக்கும் பன்றிக்குட்டிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நம் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்புப் பொருள் கருவிலேயே ஓரளவு வந்துவிடுகிறது. பன்றியின் நஞ்சுக்கொடி அதைக் கடக்கவிடாது. குட்டி கிட்டத்தட்ட வெறுங்கையோடு பிறக்கிறது. சீம்பாலிலிருந்துதான் எல்லாம் வர வேண்டும். அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளக் குடல் முதல் சில மணி நேரம் திறந்திருக்கிறது. ஒரு நாள், ஒன்றரை நாளில் அந்த வழி மூடிவிடும். ஒரு குட்டிக்கு முதல் நாளில் கால் லிட்டர் அளவு உள்ளே போக வேண்டும் என்கிறார்கள். பன்னிரண்டு குட்டி போட்ட தாயிடம் கடைசியில் பிறந்த சவலைக்கு அது எப்படிக் கிடைக்கும்? அம்மா முதலில் வயிறு நிறைந்த தடியன்களைக் கூடையில் போட்டு மூடிவிட்டு, சின்னதுகளை மடியில் விடுவார். ஒரு மணி நேரம் கழித்து மாற்றுவார். சவலையைக் கையால் பிடித்து முன்காம்பில் வைப்பார். வெளியிலிருந்து சினைப்பன்றி வாங்கினால் ஈற்றுக்குச் சில வாரம் முன்பே கொண்டுவந்துவிட வேண்டும் என்றும் அப்பா பழகிக்கொண்டார். எங்கள் கொட்டகைக் கிருமிகளுக்கு அவள் உடம்பு பழகினால்தான் அவள் சீம்பாலில் அவற்றுக்கான மருந்து இருக்கும்.

குளிர் இதையெல்லாம் கெடுக்கும். பிறந்த குட்டிக்கு 34 டிகிரி சூடு வேண்டும். உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு, ஈரத்தோடு விழுகிறது. மார்கழி விடியலில் எங்கள் கொட்டகைக்குள் நம் மூச்சே புகையாகத் தெரியும். குளிரில் விறைத்த குட்டி குடிக்காது. குடிக்காத குட்டிக்கு எதிர்ப்பு இல்லை. எனவே மூட்டுவீக்கத்தைத் தடுக்கும் முதல் கருவி ஒரு பழைய துண்டு: விழுந்தவுடன் துடைத்துக் காயவைப்பது. இரண்டாவது, தேயிலைப் பெட்டியில் புல் நிரப்பி, மேலே தொங்கவிட்ட 100 வாட் குண்டு பல்பு. 1932-இலிருந்து மின்சாரம் தரும் பைக்காரா திட்டம் எங்களுக்குப் பக்கத்தில்தான். இருந்தும் ஆடிக்காற்றில் கற்பூர மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் இரண்டு நாளைக்கு இருட்டு. அப்போது வெந்நீர் நிரப்பிய சீசாக்களைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்போம். மணிக்கொருதரம் மாற்றுவது பிள்ளைகளின் வேலை. நானும் தம்பியும் முறைபோட்டு விழித்திருப்போம்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்து, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியானபோது, அதற்கு முந்தைய ஆண்டே வயநாட்டில் அந்த நோயைக் கண்டு பயந்திருந்த எங்கள் பக்கத்துச் சின்னக் கொட்டகைகள் பல மூடப்பட்டன. அதற்கு மருந்தும் இல்லை. மிஞ்சியவர்களும் புதிதாக வருபவர்களும் பெரிய அளவில் யோசிக்கிறார்கள். தேசியக் கால்நடை இயக்கத்தில் பன்றிப் பண்ணைக்குச் செலவில் பாதி மானியம் கிடைக்கிறது. திட்ட அறிக்கைகள் சிலவற்றைப் படித்தேன். கொட்டகைக்கு, தீவனத்துக்கு, காப்பீட்டுக்கு எல்லாம் தொகை இருக்கிறது. ஈற்று இரவில் யார் உட்காருவார் என்பதற்கு அவற்றில் ஒரு வரி இல்லை. அந்த இடத்தை ஆன்டிபயாடிக் ஊசி நிரப்புகிறது. பிறந்த குட்டி ஒவ்வொன்றுக்கும், நோய் இருக்கிறதோ இல்லையோ, ஒன்று போட்டுவிடுவது. செவிலியராக இருந்தவள் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. 2019-இல் கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தடை செய்தார்கள், ஏனென்றால் அது ஆஸ்பத்திரியில் மற்ற எதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து. பென்சிலினும் நொண்டுகிற குட்டிக்கு, முதல் நாளே, மருத்துவர் சொன்ன அளவுக்கும் நாளுக்கும் போடும்போது அருமையான மருந்து. தரையைக் கழுவாததற்கு ஈடாகப் போடும்போது அது வீண்.

பாடந்துறைப் பக்கத்தில் ஒரு பையன் புதிதாகத் தொடங்கியிருக்கிறான். எங்கள் சொந்தத்தில் பேரன் முறை. “பாட்டி, எந்த ஊசி வாங்கி வைக்கணும்?” என்றுதான் முதலில் கேட்டான். டிங்சர் சீசா ஒன்று, கட்ட நூல், கத்தரி, நாலைந்து பழைய துண்டு, நல்ல பல்பு இரண்டு வாங்கி வை என்றேன். மழைத்தண்ணீர் ஓடைப் பக்கமிருந்து கொட்டகைக்குள் வராமல் வாய்க்கால் வெட்டச் சொன்னேன். ஈற்று நாளைக் கணக்குப் போட்டு இரண்டு ராத்திரி யார் யார் என்று எழுதிவைக்கச் சொன்னேன். முதல் ராத்திரிக்கு நானே வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். நேற்று தொலைபேசியில் கூப்பிட்டான். தரைக்கு இரண்டாவது பூச்சு சுண்ணாம்பு அடித்து முடித்துவிட்டானாம். உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தாயா என்று கேட்டேன். கொஞ்சம் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது என்றான். வெயில் வந்ததும் இன்னொரு பூச்சு அடி என்றேன்.